கினி பிக்குக்கு இரண்டு விலாவிலும் முடி உதிர்கிறது, ஆனால் சொறிவதில்லை: சினைப்பை நீர்க்கட்டியா, வேறு ஏதாவதா?

இளவேனில்:

வணக்கம். 3 வயதுப் பெண் கினி பிக், குட்டை முடி வகை, எடை 940 கிராம். இதுவரை இணை சேர்ந்ததில்லை, குட்டி போட்டதில்லை. அதே கூண்டில் 2 வயதுப் பெண் ஒன்றும் இருக்கிறது. அதன் முடியில் எந்தக் குறையும் இல்லை.

சுமார் 2 மாதமாக இரண்டு விலாவிலும் முடி மெலிந்துகொண்டே வருகிறது. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் தொடங்கி இப்போது வயிற்றை நோக்கி இறங்கியிருக்கிறது. இடது, வலது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. தோல் வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்கிறது. பொடுகு, புண், சிவப்பு எதுவும் இல்லை. சொறிவதும் இல்லை. முலைக்காம்பு இரண்டும் தடித்து, மேலே கருப்பாக ஏதோ படிந்திருக்கிறது. ஆண் மாதிரி உறுமிக்கொண்டு கூட இருப்பதன் மேல் ஏறுகிறது. முன்பு எப்போதாவது ஒரு நாள் செய்யும், இப்போது வாரத்தில் நாலைந்து நாள்.

பூச்சித் தொல்லையாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐவர்மெக்டின் 2 ஊசி, 2 வார இடைவெளியில் போட்டார். மாற்றம் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது மூன்று: இது சினைப்பை நீர்க்கட்டி என்று வீட்டில் எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும்? வேறு எந்தக் காரணங்களை விலக்க வேண்டும்? நீர்க்கட்டிதான் என்றால் அறுவை சிகிச்சை கட்டாயமா?

வேலிப்பூ:

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. முடி உதிரும் கினி பிக்கைக் கையில் எடுத்ததும் வழுக்கையைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். சொறிகிறதா? வழுக்கைக்கு அடியில் தோல் எப்படி இருக்கிறது? இரு பக்கமும் ஒரே மாதிரியா? சொறிவதில்லை, தோல் சுத்தம், இரு பக்கமும் சமம் என்று மூன்றும் சேர்ந்தால், ஒரு வயது தாண்டிய பெண்ணில் முதல் சந்தேகம் சினைப்பை நீர்க்கட்டிதான். இது அரிதான நோயே இல்லை. கருத்தடை செய்யாத பெண் கினி பிக்குகளில் ஒன்றரை வயதுக்கு மேல் மிகச் சாதாரணம். வயது ஏற ஏறக் கட்டி பெரிதாகும். சில மில்லிமீட்டரில் தொடங்கி 7 செ.மீ. வரைகூடப் போகும். இவ்வளவு சின்ன உடம்புக்குள் 7 செ.மீ. என்றால் குடலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

முடி ஏன் உதிர்கிறது என்றால், சில வகைக் கட்டிகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த ஹார்மோன் முடிக்கால்களை ஓய்வு நிலையிலேயே நிறுத்திவிடும். பழைய முடி விழும், புது முடி கிளம்பாது. அதனால்தான் தோல் நோயில் வருகிற செதிலோ புண்ணோ இதில் இருக்காது. வழுக்கையின் விளிம்பில் இரண்டு மூன்று முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். விலங்கு அசையாமல் இருக்கும்போதே வேரோடு கழன்று வரும்.

காம்பையும் ஏறும் பழக்கத்தையும் நீங்கள் கவனித்தது நல்ல விஷயம், பலர் தவறவிடுவார்கள். கினி பிக்குக்கு இரண்டே காம்புதான், பின்னங்கால்களுக்கு நடுவே. ஈஸ்ட்ரோஜன் மிகுந்தால் அவை தடித்து, நீண்டு, மேலே கெட்டியான மெழுகு மாதிரி ஒரு படிவு சேரும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்தால் அழுக்கு மட்டும் என்றால் ஊறி வந்துவிடும். தோலே தடித்திருந்தால் அப்படியே இருக்கும்.

ஏறுவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பெண் கினி பிக்கின் சினைச் சுழற்சி 15 முதல் 17 நாள். அதில் இணைக்குத் தயாராகும் ஒரு நாள் உறுமுவதும் ஏறுவதும் இயல்பு. நாட்காட்டியில் ஏறிய நாளை எல்லாம் ஒரு மாதம் குறித்து வையுங்கள். 16 நாளைக்கு ஒரு முறை புள்ளி விழுந்தால் சாதாரணச் சினைச் சுழற்சி. புள்ளிகள் அடுத்தடுத்து விழுந்தால், உங்கள் விலங்குக்கு இப்போது இருப்பது போல, ஹார்மோன் அணையாமல் எரிகிறது என்று பொருள்.

வீட்டில் தொட்டுப் பார்ப்பது பற்றி: சமதளத்தில் துணி விரித்து நிறுத்துங்கள். முதலில் மேலிருந்து பாருங்கள். நீர்க்கட்டி பெரிதானால் உடம்பு பேரிக்காய் மாதிரி, பின்பாதி மட்டும் இருபுறமும் பிதுங்கித் தெரியும். பிறகு கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் வைத்து, கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிய உயரத்தில், எடையே கொடுக்காமல் விரலைப் பதியுங்கள். சினைப்பை சிறுநீரகத்துக்கு அருகில்தான் இருக்கிறது. உருண்டையாக, நீர் நிறைந்த பலூன் போல ஏதாவது தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்கக் கூடாது, திரும்பத் திரும்பத் தேடவும் கூடாது. கட்டியின் சுவர் மெல்லியது, வயிற்றுக்குள்ளேயே உடையலாம். எதுவும் தட்டுப்படவில்லை என்றால் கட்டி இல்லை என்றும் அர்த்தமில்லை; சிறிய கட்டி விரலுக்கு அகப்படாது.

உறுதி செய்வது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மட்டும்தான். வயிற்றுப் பக்கம் முடியை மழித்து ஜெல் தடவிப் பார்ப்பார்கள். மெல்லிய சுவருக்குள் கருப்பாக நீர் தெரியும். எத்தனை, எந்தப் பக்கம், எத்தனை செ.மீ. என்பதோடு கருப்பையின் சுவர் தடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நீர்க்கட்டியோடு கருப்பைக் கட்டியும் சேர்ந்து வருவது உண்டு. எக்ஸ்ரேயில் ஏதோ ஒரு நிழல் விழும், அது நீரா சதையா என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. 940 கிராம் என்று எடையைச் சொன்னீர்கள். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் தடவிப் பார்த்தீர்களா? இந்த நோயில் தராசு ஏமாற்றும். தசை கரைந்துகொண்டே போகும், அதே அளவுக்குக் கட்டியில் நீர் சேரும், எடை மட்டும் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். எலும்பு கூர்மையாகக் கைக்குப் பட்டால் எடை குறையாவிட்டாலும் மெலிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொறிப்பான்:

வேலிப்பூ சொன்னதை அப்படியே ஏற்கிறேன். விலக்க வேண்டிய மற்றவை பற்றிக் கேட்டீர்கள், அதை நான் எழுதுகிறேன்.

முதலில் சொறிப்பூச்சி. டிரிக்ஸாகாரஸ் கேவியே என்று பெயர், தோலுக்குள் வளை தோண்டி வாழும். இது வந்த விலங்கைப் பார்த்தால் நீர்க்கட்டியோடு குழப்பிக்கொள்ளவே முடியாது. தோள்பட்டை, முதுகு, தொடையின் உட்புறம் எல்லாம் தடித்து, மஞ்சளாகச் செதில் உதிரும். பின்னங்காலால் இரத்தம் வரும் அளவு பிறாண்டும். முதுகைத் தொட்டாலே அலறும். முற்றினால் அரிப்பு தாங்காமல் வலிப்பு மாதிரி இழுத்துக்கொண்டு விழும். அந்த நிலையில் குளிப்பாட்டுவது, அதிகம் கையாள்வது இரண்டும் வலிப்பைத் தூண்டிவிடும். வைத்திருப்பவர் கையிலும் சில நாள் அரிக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், ஆனால் ஆழத்தில் இருப்பதால் பல நேரம் சிக்காது. அறிகுறி பொருந்தினால், பூச்சி தெரியாவிட்டாலும் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவது சரிதான்.

முடிப் பூச்சி என்று இன்னொன்று, கைரோடிஸ்காய்டஸ். இது முடித் தண்டைப் பிடித்துக்கொண்டு இருக்கும், அரிப்பு குறைவு. பின்பக்கத்திலும் விலாவிலும் மிளகுத் தூள் தூவியது போலத் தெரியும். சொறியாத விலங்கில் விலா முடி மெலிந்தால் இதையும் நினைவில் வைக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நீர்க்கட்டியோடு குழப்பம் வரும். கண்டுபிடிப்பது எளிது. ஒளிபுகும் ஒட்டுநாடாவை முடிமேல் அழுத்தி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். முடி உதிர்ந்த இடத்தில் அல்ல, அதைச் சுற்றி முடி இருக்கும் இடத்தில் எடுங்கள். முடியை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புப் புள்ளிகள் முடிப் பூச்சி. வேகமாக ஓடும் வெளிறிய நீள உடம்பு என்றால் பேன்.

படர்தாமரை பெரும்பாலும் முகத்தில் தொடங்கும். மூக்கு, கண் ஓரம், காது. அங்கிருந்து முதுகுக்குப் போகலாம். வட்டமாக முடி போய், விளிம்பில் செதிலும் சிவப்பும் இருக்கும், இரு பக்கமும் சமமாக வராது. புறஊதா விளக்கில் பளிச்சிடவில்லை, ஆகவே பூஞ்சை இல்லை என்று சிலர் முடிவு செய்கிறார்கள். அது தவறு. கினி பிக்குக்கு வரும் டிரைக்கோபைட்டன் வகைப் பூஞ்சை அந்த விளக்கில் ஒளிராது. புதுப் பல் துலக்கியால் சந்தேகமான இடத்தையும் சுற்றியும் நன்றாக வாரி, அதை அப்படியே சுத்தமான பையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். வளர்ப்புச் சோதனை முடிவுக்கு 2 முதல் 4 வாரம் ஆகும். இது மனிதருக்கும் தொற்றும், சின்னப் பிள்ளைகள் தூக்கி விளையாடும் வீட்டில் முடிவு தெரியும்வரை கையுறை போடுவதும் கை கழுவுவதும் கட்டாயம். முடி போன இடத்தில் என்னவென்று தெரியாமல் ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள். பூஞ்சையாக இருந்தால் சிவப்பு மட்டும் மறைந்து பூஞ்சை பரவும். நக்கி உள்ளே போவது வேறு.

முடி மேய்தல் என்பது தன்னுடைய முடியையோ கூட இருப்பதன் முடியையோ கடித்துத் தின்பது. தோல் சுத்தமாக, சொறியாமல் இருப்பதால் இதுவும் ஹார்மோன் போலத் தெரியும். வித்தியாசம் முடியின் நுனியில் இருக்கிறது. வழுக்கையின் மேல் விரலைத் தேய்த்தால் மூன்று நாள் தாடி மாதிரிக் குத்தும், கண்ணாடியில் பார்த்தால் நுனி வெட்டுப்பட்டிருக்கும். ஹார்மோன் உதிர்வில் அந்தக் கட்டை முடியே இருக்காது, அல்லது மெல்லிய கூர்நுனி முடி மட்டும் இருக்கும். தானே கடித்தால் தலையும் கழுத்தும் தப்பிவிடும், வாய் அங்கே எட்டாது. உலர்புல் எப்போதும் கிடைக்காத கூண்டிலும் இடநெருக்கடியிலும் இது அதிகம்.

வைட்டமின் சி குறைவால் முடி மட்டும் உதிர்வது அரிது. சிலிர்த்த, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத முடி, நடக்கத் தயங்குவது, மூட்டு வீக்கம், ஈறில் இரத்தம் என்று கூட்டமாக வரும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மி.கி. வேண்டும். தண்ணீரில் கலக்காதீர்கள், வெளிச்சத்தில் அழிந்துவிடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதும் குறையும். பெல்லட் தீவனத்தில் இருக்கும் வைட்டமின் சி தயாரித்து 90 நாள் கடந்தால் நம்ப முடியாது.

சினைக்காலத்தின் கடைசி வாரங்களிலும் பால் கொடுக்கும்போதும் இதே விலாப் பகுதியில் இரு பக்கமும் முடி மெலியும், குட்டிகள் பால் மறந்ததும் வளர்ந்துவிடும். உங்களுடையது இணை சேராதது என்பதால் விட்டுவிடலாம். ஆனால் கூட இருப்பது பெண்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா? விற்கும்போதே ஆண் பெண் மாற்றிச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சினைக்காலம் 59 முதல் 72 நாள். வயிற்றில் இருப்பது குட்டியா கட்டியா என்று தெரியாமல் யாரும் அமுக்கக் கூடாது.

காதுக்குப் பின்னால் முடியில்லாத ஒரு சின்ன இடம் எல்லா கினி பிக்குக்கும் உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மணல்வீடு:

ஐவர்மெக்டின் பற்றி ஒரு திருத்தம் சேர்க்கிறேன். 2 ஊசியில் மாற்றம் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பூச்சியை விலக்க முடியாது. அந்த மருந்து முட்டையைக் கொல்லாது. 10 முதல் 14 நாள் இடைவெளியில் 3 முறை போட வேண்டும், ஒரே கூண்டில் இருக்கும் எல்லா விலங்குக்கும் போட வேண்டும், விரிப்பை மாற்றிக் கூண்டைக் கழுவ வேண்டும். இதில் எது விட்டுப்போனாலும் திரும்ப வரும். ஆனாலும் இங்கே சொறியும் இல்லை, செதிலும் இல்லை. சொறிப்பூச்சி இருந்து 2 மாதமாகத் தோல் இவ்வளவு சுத்தமாக இருக்க வழியில்லை.

யாராவது 'மூன்றாவது ஊசியை நானே போட்டுவிடுகிறேன்' என்று நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். ஒரு கிலோவுக்கு 0.4 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 940 கிராம் விலங்குக்கு 0.376 மி.கி. மாட்டுக்குப் போடும் 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மி.கி. இருக்கிறது. அப்படியானால் போட வேண்டியது 0.038 மில்லி. 1 மில்லி ஊசிக்குழாயில் மிகச் சின்னக் கோடு 0.01 மில்லி, ஊசியின் அடியில் தங்கும் துளியே அந்த அளவை மாற்றிவிடும். கை கொஞ்சம் நகர்ந்தால் இரண்டு மடங்கு உள்ளே போகும். தண்ணீர் சேர்த்து நீர்க்கவும் முடியாது, அது தண்ணீரில் ஒழுங்காகக் கலக்காது, ஒரு சொட்டில் அதிகம் ஒரு சொட்டில் குறைவு என்று ஆகிவிடும். மருத்துவரிடம் இதற்கான திரவத்தில் நீர்த்ததோ, கழுத்தின் பின்னால் விடும் செலாமெக்டின் சொட்டு மருந்தோ இருக்கும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின், பிப்ரோனில் சொட்டுகளை இதன்மேல் விடவே கூடாது.

இளவேனில்:

விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்து பார்த்ததன் முடிவு:

ஒட்டுநாடாவில் ஒன்றும் இல்லை. விரலில் குத்தும் கட்டை முடி இல்லை. விளிம்பில் முடி இழுத்ததும் வேரோடு வந்தது. காம்பின் மேல் இருந்தது பாதி அழுக்கு, பாதி தோலே தடித்தது. கூட இருப்பது பெண்தான், மருத்துவர் பார்த்துச் சொன்னார். முதுகெலும்பைத் தடவினால் வரிசையாக மணி மணியாகக் கைக்குத் தட்டுகிறது. சின்னதற்கு அப்படி இல்லை.

ஸ்கேனில் இடது பக்கம் 3.2 செ.மீ., வலது பக்கம் 1.8 செ.மீ. நீர்க்கட்டி. இடதில் பல அறைகள். கருப்பைச் சுவர் சற்றுத் தடிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். இரத்தப்போக்கு இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. மருத்துவர் மூன்று வழி சொன்னார்: ஹார்மோன் ஊசி, ஊசி வழியாக நீரை இழுப்பது, அறுவை சிகிச்சை. 3 வயதில் மயக்க மருந்து தாங்குமா என்பதுதான் பயம்.

பசும்புல்:

மூன்று வழியையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஹார்மோன் ஊசி இரண்டு வகை. எச்சிஜி (மனிதக் கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) என்றால் வழக்கமான அளவு 1000 யூனிட், தசையில், 7 முதல் 10 நாள் கழித்துத் திரும்ப. ஜிஎன்ஆர்எச் (சினைச் சுழற்சியை இயக்கும் மூளை ஹார்மோன்) வகை என்றால் 2 வார இடைவெளியில் இரு முறை. இவை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. கினி பிக்குக்கு வரும் நீர்க்கட்டி எல்லாம் ஒன்றல்ல. முட்டைப்பையிலிருந்து உருவாகும் கட்டி ஹார்மோனுக்குக் கட்டுப்படும், ஹார்மோனைச் சுரப்பதும் பெரும்பாலும் அதுதான். சினைப்பையின் நுண்குழாய் வலையிலிருந்து உருவாகும் நீர்ப்பைதான் எண்ணிக்கையில் அதிகம்; அது ஹார்மோன் சுரப்பதும் இல்லை, ஊசிக்குச் சுருங்குவதும் இல்லை. ஒரே சினைப்பையில் இரண்டும் கலந்து இருக்கலாம், ஸ்கேனில் உறுதியாகப் பிரித்துச் சொல்லவும் முடியாது. அதனால் ஊசி போட்டால் முடி வளரலாம், ஏறுவது நிற்கலாம், கட்டியின் பெரும்பகுதி அப்படியே இருக்கலாம். எச்சிஜி வேற்றுப் புரதம் என்பதால் திரும்பத் திரும்பப் போட்டால் ஒவ்வாமைக்கு வாய்ப்பு உண்டு, பலனும் குறையும். அறுவைக்கு உகந்ததல்லாத விலங்குக்கு இது நல்ல வழி. மற்றவற்றுக்கு இது தள்ளிப்போடுதல்தான்.

நீரை இழுப்பது, கட்டி பெரிதாகிக் குடலையும் மூச்சையும் நெருக்கும்போது உடனடி நிம்மதிக்காகச் செய்வது. சுவர் அங்கேயே இருப்பதால் சில வாரத்தில் திரும்ப நிறையும். உங்களுடையதில் பல அறைகள் என்கிறீர்கள். ஒரு குத்தலில் ஒரு அறைதான் வடியும். 3 செ.மீ.க்கு நான் இதைக் கேட்க மாட்டேன்.

என் கருத்து அறுவை சிகிச்சை. இரு பக்கமும் கட்டி, கருப்பைச் சுவரும் தடிப்பு, இன்னும் நன்றாகச் சாப்பிடுகிறது. நன்றாகச் சாப்பிடும் இந்த நேரம்தான் சரியான நேரம். 3 வயது ஒரு தடையில்லை. கினி பிக் 5 முதல் 8 வருடம் வாழும். சாப்பாட்டை நிறுத்தியபின், கட்டி 6 செ.மீ. ஆனபின் போனால்தான் ஆபத்து கூடும்.

விலா வழியாக இரு பக்கமும் சின்ன வெட்டுப் போட்டுச் சினைப்பையை மட்டும் எடுப்பது ஒரு முறை. குடலைத் தொட வேண்டியதில்லை, வேகமாகத் தேறும். வயிற்றின் நடுவில் திறந்து சினைப்பையோடு கருப்பையையும் எடுப்பது இன்னொரு முறை. கருப்பைச் சுவர் தடிப்பு என்று எழுதியிருப்பதால் உங்கள் விலங்குக்கு இரண்டாவது முறை வேண்டியிருக்கலாம். இதை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். கூடவே இவற்றையும்: கினி பிக்கில் இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறார், மயக்கத்தின்போது உடல் சூட்டை எப்படிக் காப்பார், வலி மருந்து எத்தனை நாள், எந்த ஆன்டிபயாடிக். வாய் வழியாக அமாக்ஸிசிலின், பெனிசிலின், கிளிண்டமைசின் என்று பதில் வந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். இவை கினி பிக்கின் குடலில் நல்ல நுண்ணுயிரை அழித்து, கெட்டதைப் பெருக்கி, சில நாளில் உயிரையே எடுத்துவிடும்.

முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். நாய் பூனைக்கு வாந்தி வரும் என்பதால் பட்டினி. கினி பிக் வாந்தி எடுக்காது, பட்டினி கிடந்தால் குடல் நின்றுவிடும். மயக்கத்துக்குச் சற்று முன்னால் உணவை எடுத்துவிட்டு, வாயில் தங்கியிருக்கும் புல் துணுக்கைக் கழுவிவிட்டால் போதும். கூட இருப்பதையும் அதே பெட்டியில் அழைத்துப் போங்கள், பயம் குறையும், திரும்பி வந்ததும் ஒன்றை ஒன்று சண்டைக்கு இழுக்காது.

வீட்டுக்கு வந்தபின் முதல் 3 நாள்தான் முக்கியம். வெட்டு பிரிந்ததால் இறப்பதைவிடச் சாப்பிடாமல் இறப்பது அதிகம். மரத்தூளை எடுத்துவிட்டுச் சுத்தமான துணி விரியுங்கள், தூள் தையலில் ஒட்டும். தினம் ஒரே நேரத்தில் சமையல் தராசில் எடை போட்டு எழுதுங்கள். அறுவை முடிந்த அன்றைய எடையை, அதாவது கட்டி நீங்கியபின் இருப்பதை, தொடக்க எடையாக வையுங்கள். பழைய 940-ஐ வைத்தால் தேவையில்லாமல் கலங்குவீர்கள். அந்தத் தொடக்க எடையில் 10 சதவீதம் இறங்கினால் காத்திருக்கக் கூடாது. தானாகப் புல் மெல்லவில்லை என்றால் அன்று மாலையே ஊட்டத் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லி அளவு கரைத்த ஊட்ட உணவு, 4 அல்லது 5 வேளையாகப் பிரித்து. ஊசியில்லாத 1 மில்லி ஊசிக்குழாயை வாயின் பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் நுழைத்து 0.3, 0.5 மில்லியாக விடுங்கள், மென்று விழுங்கியபின் அடுத்தது. நேர் முன்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் நுரையீரலுக்குப் போகும். புழுக்கை எண்ணிக்கையையும் அளவையும் பாருங்கள். சின்னதாக, வறண்டு, வால் போட்டு வந்தால் வயிறு மெதுவாக ஓடுகிறது, உணவும் நீரும் போதவில்லை.

குனிந்து ஒடுங்கி, முடி சிலிர்த்து, பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டு மூலையில் இருந்தால் அது வலி. வலி மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

வேலிப்பூ:

பசும்புல் எழுதியதில் அந்த இரண்டு வகைக் கட்டி என்ற இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் எல்லோரும். ஹார்மோன் சுரக்காத கட்டி வந்த விலங்குக்கு முடி ஒன்றுகூட உதிராது. முடி நன்றாக இருக்கிறது, ஆகவே கட்டி இல்லை என்று நினைத்திருப்போம், உள்ளே எலுமிச்சை அளவு வளர்ந்திருக்கும். அப்படிப்பட்டதற்கு அடையாளம் வயிறு பெருப்பது, எலும்பு தெரிவது, தூக்கும்போது முன்பில்லாத கூச்சல், சாப்பாட்டில் தயக்கம். ஒரு வயது தாண்டிய எந்தப் பெண்ணையும் 6 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். இளவேனில், உங்கள் 2 வயதுக்கும் இது பொருந்தும். பெரியதை அறுவைக்கு எடுத்துப் போகும் அன்றே சின்னதற்கும் ஸ்கேன் பார்த்துவிடலாம்.

இந்த இழையைத் தேடி வரும் மற்றவர்களுக்காக, மறக்கப்படுகிற இரண்டு நோய். 3 வயதுக்கு மேல் நிறையச் சாப்பிட்டும் மெலிகிறது, நிறையக் குடிக்கிறது, துறுதுறுவென்று இருக்கிறது, முடி மெல்ல மெலிகிறது என்றால் தைராய்டு மிகை. கழுத்தின் அடியில் சின்ன உருண்டை தட்டுப்படலாம், இரத்தச் சோதனையில் தெரியும். மற்றது அட்ரீனல் சுரப்பி மிகை. அரிது. இரு பக்கமும் முடி போகும், சொறியாது, குடிப்பதும் சிறுநீரும் கூடும், எடை குறையும். ஆண் கினி பிக்குக்கு விலா முடி போனாலோ, சினைப்பை எடுத்துவிட்ட பெண்ணுக்குத் திரும்பப் போனாலோ, இந்தத் திசையில் தேட வேண்டும். நாளுக்கு எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒரு கிலோவுக்கு 100 மில்லி அளவு இயல்பு. பச்சைக்காய் அதிகம் தின்றால் குறையும். புட்டி சொட்டுவதைக் கழிக்க, கூண்டு இல்லாத இடத்தில் அதே மாதிரிப் புட்டி ஒன்றைக் காலியிடத்தில் தொங்கவிட்டு ஒரு நாளில் எவ்வளவு சொட்டுகிறது என்று பாருங்கள்.

இளவேனில்:

அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. சின்னதற்கும் அன்றே ஸ்கேன். கடைசியாக ஒன்று: முடி எப்போது வர வேண்டும்? எதுவரை காத்திருக்கலாம்?

கொறிப்பான்:

ஸ்கேனுக்கு மழித்த இடத்தைப் பாருங்கள், அது இலவசமாகக் கிடைத்த அளவுகோல். ஹார்மோன் நிற்கும்வரை அங்கே முடி முளைக்காமல் அப்படியே கிடக்கும். சினைப்பை போனபின் பெரும்பாலும் 3, 4 வாரத்தில் மழித்த இடத்திலும் வழுக்கையிலும் மெல்லிய பஞ்சு மாதிரி கிளம்பும், மூடுவதற்கு 2 முதல் 3 மாதம் ஆகலாம். புது முடியின் நிறம் சற்று அடர்த்தியாக வருவதும் உண்டு, அது பிரச்சினையில்லை. ஏறுவதும் உறுமுவதும் அதற்கு முன்பே, சில வாரத்தில் அடங்கும். காம்புத் தடிப்பு மெதுவாகக் குறையும், முழுக்கப் பழையபடி ஆகாமலும் போகலாம்.

8 வாரம் கழித்தும் பஞ்சுகூட வரவில்லை என்றால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும்: சினைப்பைத் துண்டு ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா, அல்லது வேலிப்பூ சொன்ன அட்ரீனலா. வாரம் ஒரு படம், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது.